‘கசடு’ என்ன கற்றுக்கொண்டது?

செவ்வாய்க்கிழமை மாலை ஆறேகால் என்றால் ஆறேகாலுக்குத்தான் ஸ்டெல்லன் ஃபோர்ஸ்மன் அந்தக் கீழ்த்தளக் கதவைத் திறப்பான். ஆறு பதினான்குக்கு வந்து சேர்ந்தால் ஒரு நிமிடம் சைக்கிள் நிறுத்தத்தில் நின்றுவிட்டு வருவான். முதுகில் ‘அரசு ஒழிக’ என்று வெள்ளைச் சாயத்தில் எழுதி, தோள் முழுக்க ஆணி பதித்த கறுப்பு ஜாக்கெட் போட்டிருப்பான். உள்ளே நுழைந்ததும் முதல் காரியமாகக் கல்விச் சங்கத்தின் வருகைப் பதிவேட்டை எடுத்து மேசைமேல் விரிப்பான். தேதி, நேரம், மூன்று பேருடைய பெயர் எல்லாவற்றையும் அச்சடித்ததுபோல எழுதி, மற்ற இருவரையும் கையெழுத்துப் போட வைப்பான். அரசை ஒழிக்கிற வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எங்கள் ஹால்ஸ்பெரியில் இதைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள். ஸ்வீடனில் மூன்று பேர் சேர்ந்து எதையாவது கற்கிறோம் என்று சொன்னால் அது ஒரு படிப்பு வட்டம். சங்கம் அறை கொடுக்கும், காபி போட இயந்திரமும் கொடுக்கும். பதிலுக்குப் பதிவேட்டை ஒழுங்காக நிரப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். பழைய பால்பண்ணைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இடப்பக்க அறை கம்பளம் நெய்யும் பெண்களுக்கு. வலப்பக்க அறை ‘கசடு’ இசைக்குழுவுக்கு. இரும்பை உருக்கியபின் மிஞ்சுவதைத் தங்கள் பெயராக வைத்துக்கொண்டவர்கள். பதிவேட்டில் ‘இன்று கற்றது’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஸ்டெல்லன் முப்பது ஆண்டுகளாக ஒரே பதிலைத்தான் எழுதி வந்தான்: ‘சேர்ந்து வாசித்தல்’.

மற்ற நாட்களில் அவன் பள்ளிக்கூடச் சமையல்காரன். முந்நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு. வியாழக்கிழமை என்றால் நாடு முழுக்கப் பட்டாணி சூப்பும் பான்கேக்கும். அதை மாற்ற எந்தப் புரட்சியாலும் முடியாது, ஸ்டெல்லனும் முயன்றதில்லை. வெள்ளை ஏப்ரனுக்குப் பக்கத்து ஆணியிலேயே அந்த ஜாக்கெட்டும் தொங்கும். பிள்ளைகள் அவனை ‘சூப் ஸ்டெல்லன்’ என்று கூப்பிடுவார்கள். அவன் டிரம்ஸ் வாசிப்பவன் என்பது அவர்களுக்குத் தெரியும். எந்த மாதிரி டிரம்ஸ் என்பது தெரியாது, தெரிந்தால் சூப்பை மிச்சம் வைக்கப் பயப்படுவார்கள்.

குழுவை ஆரம்பித்தது கிதார் வாசிக்கும் உர்பான். அவனே குரலும். ரயில் நிலையத்தில் சிக்னல் பழுதுபார்ப்பவன். கிரஸ்ட் பங்க் என்கிற வேகமான, கரடுமுரடான இசையில் ஊறியவன்; அவன் பாட்டெல்லாம் போருக்கு எதிராக, கோழிப்பண்ணைகளுக்கு எதிராக, ஒரு பாட்டு மட்டும் ஊர் நீச்சல் குளத்தை மூடியதற்கு எதிராக. இரண்டு நிமிடத்துக்குமேல் போனால் அது பாட்டல்ல, சொற்பொழிவு என்பான். மறு ஆண்டு வந்து சேர்ந்த மரீத்தா, பேஸ் கிதார், டெத் மெட்டல் பக்கத்து ஆள். பகலில் பேருந்து ஓட்டுவாள். அவளுக்குப் பிணம், புழு, கல்லறை இல்லாமல் பாட்டு இறங்காது. ஆக, ‘கசடு’வின் பாட்டுக்கு ஓடுகிற கால் கிரஸ்ட், மேலே உட்கார்ந்திருக்கிற பாரம் டெத் மெட்டல். தும்-தக், தும்தும்-தக் என்று ஸ்டெல்லனின் காலும் கையும் விடாமல் ஓடும். கம்பிகளையெல்லாம் தளர்த்தி அடிமட்டத்துக்கு இறக்கிய கிதார், நான்கு குமிழையும் வலப்பக்கம் கடைசிவரை திருகிய சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஒரு சின்னக் கறுப்புப் பெடல் வழியாக வந்து, ஈரமரத்தை ரம்பம் அறுப்பதுபோல அறுக்கும். திடீரென்று ஓட்டம் நின்று, மூன்று பேரும் ஒரே அடியாக விழுவார்கள். அந்த அடியில் பக்கத்து அறையில் தறி நாடா துள்ளும். அந்தப் பெண்கள் பழகிக்கொண்டார்கள். துள்ளுகிற நேரத்தில் காபி குடித்துக்கொள்வார்கள்.

உர்பானுக்கு ஒரு கொள்கை உண்டு. நன்றாக வாசிக்கக் கற்றுக்கொள்வது துரோகம். “பயிற்சி பண்ண ஆரம்பிச்சா அப்புறம் ஒழுங்கா வாசிப்போம். ஒழுங்கா வாசிச்சா சனிக்கிழமை சாயந்திரம் ஜோடி ஜோடியா ஆடறவங்களுக்கு வாசிக்கக் கூப்பிடுவாங்க. போயிடுவோம். அதோட முடிஞ்சுது கதை” என்பான். 1994-இல் மூன்று பேரும் ஒருபோதும் தேற மாட்டோம் என்று சபதம் எடுத்தார்கள். சரியாகச் சொன்னால் இரண்டு பேர் எடுத்த சபதம். பிறகு வந்த மரீத்தா தோளைக் குலுக்கிவிட்டுச் சரி என்றாள். இந்தச் சபதத்தைத்தான் ஸ்டெல்லன் பத்திரமாக, யாருக்கும் தெரியாமல், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மீறிக்கொண்டிருந்தான்.

அது உர்பானின் விரலால் வந்த வினை. 2001 இலையுதிர்காலத்தில் அவன் தன் கோடை வீட்டில் விறகு பிளக்கும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டினான். இயந்திரம் ஜெயித்தது. இடக்கை மோதிர விரல் நசுங்கிப்போய், ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்தான். ஸ்டெல்லன் பார்க்கப் போனபோது கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு பேசினான்.

“டேய், ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. என் கையால என்னைக்காவது பாட்டு இழுத்துச்சுன்னா நீ மூஞ்சிக்கு நேரா சொல்லிடணும். அன்னைக்கே கிதாரைத் தூக்கிப் போட்டுட்டு மீன் பிடிக்கப் போயிடுவேன். பாவம்னு நெனச்சு கூட வெச்சுக்கற பாண்டு எனக்கு வேணாம்.”

“சொல்றேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

மூன்று மாதம் கழித்து உர்பான் மறுபடி கிதாரை மாட்டினான். ‘சாம்பல்’ என்ற பாட்டு. ஓட்டம் நின்று எல்லோரும் ஒன்றாக விழ வேண்டிய இடத்தில், ஸ்டெல்லன் விழுந்தான், மரீத்தா விழுந்தாள், உர்பான் ஒரு கண்சிமிட்டு தாமதமாக வந்து விழுந்தான். இரண்டாவது தடவையும் அப்படித்தான். ஸ்டெல்லன் வாயைத் திறந்தான். உர்பான் வியர்வை வழிய, குழந்தைபோலச் சிரித்துக்கொண்டு நின்றான். திறந்த வாயால் ஸ்டெல்லன் கேட்டது, “காபி வேணுமா?”

என்ன செய்வது, நாங்கள் இப்படித்தான். மைக்கில் வாயை வைத்து உலகமே நாசமாய்ப் போ என்று கத்துவோம். எதிரே நிற்கிற ஆளிடம் நீ லேட் என்று சொல்ல நாக்கு எழாது. பொதுச் சலவை அறையை ஒருவர் அழுக்காக விட்டுப்போனால்கூட, ஆள் யாரென்று தெரிந்தும், பெயர் போடாத சீட்டு ஒன்றைக் கதவில் ஒட்டிவிட்டு ஓடிவருகிற ஜனங்கள். ஸ்டெல்லனால் பாட்டில் சீட்டு ஒட்ட முடியவில்லை. அதனால் காத்திருக்கக் கற்றுக்கொண்டான். அடி விழுவதற்கு முன் கையை மேலே தூக்கி, உர்பானின் விரல் வந்து சேரும்வரை, ஒரு கண்சிமிட்டு அப்படியே நிறுத்தி வைத்தான்.

சொல்வது சுலபம். முழு ஓட்டத்தில் ஓடுகிறவன் தடுமாறாமல், தயங்கியது தெரியாமல் காத்திருக்க வேண்டும். அதற்குத்தான் பயிற்சி. காலை ஐந்தரைக்குப் பள்ளிச் சமையலறையில், உருளைக்கிழங்கு கொதிப்பதற்குள், நாற்பது லிட்டர் பானைகளைக் கவிழ்த்துப் போட்டு இரண்டு மரக்கரண்டியால் தாமதத்தைப் பயின்றான். வேகத்தை யாரும் பயிலலாம். தாமதத்தை இவ்வளவு சிரத்தையாகப் பயின்றவன் இந்த ஊரில் இவன் ஒருவன்தான் என்று ஸ்டெல்லன் நினைத்துக்கொண்டிருந்தான்.

இதெல்லாம் இப்போது வெளியே வரக் காரணம் அவர்களுடைய முதல் முழு ஆல்பம். முப்பது ஆண்டில் முதல் ஆல்பம். அவசரப்படுகிற ஆட்கள் இல்லை. போன குளிர்காலத்தில் அதே அறையில், சன்னல் பாதிவரை பனி மூடிக்கிடக்க, தாங்களே பதிவு செய்தார்கள். பெயர் ‘நான்கு குமிழும் வலப்பக்கம்’. மரீத்தா தன் பேஸையும் அதே மாதிரிப் பெடலுக்குள் விட்டதால், பூமிக்கடியில் ஒரு லாரி கிளம்ப முடியாமல் உறுமுவது போன்ற ஒரு சத்தம் எல்லாப் பாட்டுக்கும் அடியில் கிடந்தது. உர்பான் அடிவயிற்றிலிருந்து கர்ஜித்ததில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனாலும் எல்லா வரிகளையும் எழுத்துப்பிழை இல்லாமல் அச்சடித்து உறைக்குள் வைத்தான். பிழை பார்க்க ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவரிடம் கொடுத்து வாங்கினான். கோழிப்பண்ணைப் பாட்டில் ஒரு காற்புள்ளியைச் சேர்க்கச் சொன்னாராம், சேர்த்தான்.

ஆல்பம் எப்படியோ கடல் தாண்டிப் போய்விட்டது. ஓசாகாவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: ‘அடி விழுவதற்கு முன் ஒரு பள்ளம் இருக்கிறது. கேட்கிறவன் அதில் விழுந்து எழுந்திருக்கிறான். இந்தப் பள்ளத்தை வேறெந்தக் குழுவிலும் நான் கேட்டதில்லை.’ பிரேசிலில் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், டிரம்மர் காலத்தையே வளைக்கிறார் என்று எழுதியிருந்தார். உர்பான் அதைச் சத்தம் போட்டுப் படித்தான்.

“காலத்தை வளைக்கறியாமே! பான்கேக் திருப்பிப் போடற கைக்கு வந்த வாழ்வைப் பாருடா!”

ஸ்டெல்லனும் சிரித்தான். ஓசாகாக்காரர் மெச்சிய அந்தப் பள்ளம், உர்பானின் மோதிர விரல் வந்துசேர அவன் ஒதுக்கிவைத்த இடம். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்கே கேட்டுவிட்டது. இரண்டடி தள்ளி நிற்கிறவனுக்கு எத்தனை நாள் கேட்காமல் இருக்கும்?

இந்த நேரத்தில்தான் கல்விச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. புதிதாக வந்த அலுவலர் எல்லினோர், மரியாதையான நான்கு வரி எழுதியிருந்தாள். இனி ஒவ்வொரு வட்டமும் தான் கற்றதை ஆண்டுக்கு ஒருமுறை காட்ட வேண்டும். ‘கசடு’ வட்டம் முப்பது ஆண்டுகளாகக் கற்றுக்கொண்டிருக்கும் ‘சேர்ந்து வாசித்தல்’ எந்த அளவில் இருக்கிறது என்று மே மாதம் வந்து கேட்க ஆசைப்படுவதாகவும், கற்றல் எதுவும் நடக்கவில்லையென்றால் அறையை வேறு வட்டத்துக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றும் இருந்தது.

உர்பான் காபிக் கோப்பையை மேசையில் தட்டி வைத்தான். “ஒண்ணும் கத்துக்கலைங்கறதுதானய்யா நம்ம பெருமையே! அதைக் காட்டுன்னா எப்படிக் காட்டறது?”

“பக்கத்து அறைல பதினாலு கம்பளம் வெச்சிருக்காங்க, காட்டறதுக்கு” என்றாள் மரீத்தா. “மாடில குடும்ப வரலாறு தேடறவங்க, அவங்கள்ல ரெண்டு பேர் ஒண்ணுவிட்ட சகோதரங்கன்னே கண்டுபிடிச்சுட்டாங்க. நாம என்னத்தைக் கண்டுபிடிச்சோம்?”

“அதான் ஆல்பம் இருக்கே.”

“ஆல்பம் இருந்தா ஆச்சா? முன்னால இருந்ததைவிட தேறியிருக்கோம்னு காட்டணும்டா. நீ மொதல்ல ஆம்ப்பை அணைச்சுட்டு அப்புறமா வயரைப் பிடுங்கக் கத்துக்கிட்டே. அதுக்கே பன்னெண்டு வருஷம் ஆச்சு. அதைக் காட்டலாமா?”

உர்பான் யோசித்தான். பிறகு முகம் மலர்ந்தது. “’96 கேசட்ல ‘சாம்பல்’ இருக்குல்ல? ஆல்பத்துலயும் இருக்கு. ரெண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுவோம். அந்தப் பொண்ணே கேட்டுக்கட்டும்.”

ஸ்டெல்லன் கணக்குப் போட்டுப் பார்த்தான். விறகு இயந்திரத்துக்கு முந்தைய விரல் ஒரு கேசட்டில், பிந்தைய விரல் ஒரு ஆல்பத்தில், இரண்டும் அடுத்தடுத்து. காது இருக்கிற யாருக்கும் தெரிந்துவிடும். உர்பானுக்குத் தெரிந்தால் கிதார் போகும், அவன் சொன்னதைச் செய்கிறவன். கிதார் போனால் அறை எதற்கு, செவ்வாய்க்கிழமை எதற்கு?

“கேசட் பழசுடா. சிக்கிக்கும்” என்றான்.

“சிக்காது.”

“நீச்சல்குளப் பாட்டைப் போடலாமே.”

“அது ’96-ல இல்லியேடா. குளம் மூடினதே 2004-ல.”

அந்த வியாழக்கிழமை பட்டாணி சூப் அடிப்பிடித்தது. அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை. பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களும் இந்த ஊர்ப் பிள்ளைகள்தானே.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எல்லினோர் வந்தாள். முப்பது வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துப் பாடகர் குழுவையும் நடத்துகிறவள். கையில் ஒரு ருபார்ப் கேக். “பாலும் முட்டையும் போடலை. நீங்க சாப்பிட மாட்டீங்கன்னு கம்பளம் நெய்யறவங்க சொன்னாங்க” என்றாள். உர்பானுக்கு அங்கேயே பாதி எதிர்ப்பு கரைந்துபோனது. ஸ்டெல்லன் மூன்று காபி ஊற்றினான், தனக்கு ஊற்ற மறந்தான். மேல் சன்னல் வழியாக வெயில் நேராக உர்பானின் இடக்கையில் விழுந்துகொண்டிருந்தது.

முதலில் கேசட். சிக்கவில்லை. எல்லினோர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், கால் தானாகத் தாளம் போட்டது. பிறகு, 2008-இல் போட்ட சின்ன இசைத்தட்டிலும் அதே பாட்டு இருக்கிறதென்று அவளாகவே கேட்டு வாங்கிப் போடச் சொன்னாள். அதற்குப் பிறகு ஆல்பம். கடிகாரத்தைப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டாள்.

“ஒரே பாட்டு. மொதல்ல ஒரு நிமிஷம் நாப்பத்தோரு நொடி. அப்புறம் ரெண்டு நிமிஷம் ரெண்டு நொடி. இப்ப ரெண்டு நிமிஷம் இருபத்திநாலு.”

“வயசாயிடுச்சும்மா” என்றான் உர்பான்.

“வயசானா அங்கங்க தடுமாறும். இதுல தடுமாற்றமே இல்லையே.” அவள் மறுபடி அந்த இடத்தைப் போட்டாள். ஓட்டம், பள்ளம், அடி. “ஒவ்வொரு அடிக்கும் முன்னால ஒரு கொஞ்சூண்டு நிக்கறீங்க. என் பாடகர் குழுவுல வயசானவங்க ரெண்டு பேர் இருக்காங்க, அவங்க சேர்ந்து பாடினா இப்படித்தான் கேக்கும்.” தயங்கினாள். “தப்பா நெனச்சுக்காதீங்க. இங்க யாரோ யாருக்காகவோ காத்துக்கிட்டிருக்காங்க.”

ஸ்டெல்லன் தன் கைகளைப் பார்த்தான். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் சொல்லியிருக்க வேண்டியது. இப்போதாவது அவன் வாயால் வர வேண்டும், ஒரு வெளியாள் வாயால் வரக்கூடாது. தொண்டையைக் கனைத்தான்.

“நான்தான்” என்றான் உர்பான்.

ஸ்டெல்லன் நிமிர்ந்தான்.

“நான்தான் காத்துக்கிட்டிருக்கேன்.” உர்பான் யாரையும் பார்க்கவில்லை, கேக்கைப் பார்த்துப் பேசினான். “இவன் தோள்பட்டை போச்சு. பள்ளிக்கூடத்துல நாப்பது லிட்டர் பானையத் தூக்கித் தூக்கி. 2002-லயே கவனிச்சேன், கையைத் தூக்கறான், எறக்க நேரமாகுது. சொன்னா மனசு விட்டுடுவான். சரி, கை எறங்கற வரைக்கும் நாம நிப்போமேன்னு... அதுக்குப்போயி என்ன இப்போ? அதுக்காக இவனைப் பத்தி எதுவும் எழுதிடாதீங்க.”

“என் தோளுக்கு என்னடா?” ஸ்டெல்லனின் குரல் கீச்சிட்டது. “என் தோள் கல்லு மாதிரி இருக்கு! நான் உன் விரலுக்காக நின்னேன்!”

“என் விரலா? அது அடுத்த வருஷமே சரியாயிடுச்சேடா!”

“நீ சொல்லவே இல்லியே!”

“நீ கேக்கவே இல்லியே! சத்தியம் பண்ணிக் குடுத்தியே, இழுத்தா சொல்றேன்னு. சொன்னியா நீ?”

“நீ மட்டும் சொன்னியா?”

மரீத்தா கேக்கை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க முடியாமல் புரையேறி இருமினாள். தண்ணீர் குடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இருபத்திரெண்டு வருஷம்! கதவுகிட்ட நின்னுக்கிட்டு நீ மொதல்ல போ, நீ மொதல்ல போன்னு ரெண்டு பேரும்! நடுவுல நான் ஒருத்தி பேஸைப் பிடிச்சுக்கிட்டு வருஷா வருஷம் மெதுவா, இன்னும் மெதுவான்னு... நான் என்னவோ நாம வேணும்னேதான் கனமா வாசிக்கறோம்னு வெளில பேட்டி வேற குடுத்தேன்!”

“உனக்குத் தெரியுமா?” என்று இருவரும் ஒன்றாகக் கேட்டார்கள். அன்று அவர்கள் இருவரும் முதன்முதலாக ஒரே நேரத்தில் விழுந்த இடம் அதுதான்.

“ரெண்டு பேரும் இழுக்கறது தெரியும். ஏன்னு தெரியாது. கேட்டா நல்லாவா இருக்கும்?”

எல்லினோர் பேனாவை மூடிவைத்தாள். “இப்ப ஒரு தடவை, யாரும் யாருக்காகவும் நிக்காம வாசிச்சுக் காட்டுங்களேன்.”

வாசித்தார்கள். ஒரு நிமிடம் நாற்பத்திரண்டு நொடி. ஸ்டெல்லனுக்கு நம்ப முடியவில்லை: கை பறந்தது, உர்பானின் விரல் ஒரு மயிரிழை பிசகாமல் கூடவே வந்து விழுந்தது. ஐம்பத்தொரு வயதில் இருபத்துமூன்று வயது வேகம். இவ்வளவு நன்றாக வாசிப்பார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை. முடித்துவிட்டு மூச்சு வாங்க எல்லினோரைப் பார்த்தார்கள்.

“நல்லா இருந்துச்சு” என்றாள்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரே அர்த்தம்தான். மூவருக்கும் புரிந்தது. சுத்தமாக இருந்தது, வேகமாக இருந்தது, எந்த ஊரில் எந்தக் கீழ்த்தளத்திலும் கேட்கக்கூடியதாக இருந்தது. பள்ளம் இல்லை, விழுந்து எழுந்திருக்க யாருக்கும் இடமில்லை.

எல்லினோர் தன் படிவத்தில் ‘சேர்ந்து வாசித்தல்: அபாரமான தேர்ச்சி’ என்று எழுதி, அடைப்புக்குள் ‘ஆல்பத்தின்படி’ என்று நேர்மையாகச் சேர்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். அறை தப்பித்தது. தேற மாட்டோம் என்ற சபதம் மட்டும் சங்கத்தின் முத்திரையோடு முறிந்துபோனது. உர்பான் அதை நினைத்து இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

ஆனால் போன ஒன்று திரும்பி வரவில்லை. அக்டோபரில் பக்கத்து நகரமான ஓரெப்ரூவில் ஆல்பத்துக்காக ஒரு நிகழ்ச்சி ஏற்பாடாகியிருந்தது. ஓசாகாக்காரர் அதற்காகவே விமானம் ஏறி வருவதாக எழுதியிருந்தார். அந்தப் பள்ளத்தை நேரில் கேட்க வருகிறாராம். ஜூன் முழுக்க வேண்டுமென்றே காத்திருந்து பார்த்தார்கள். ஒருவன் அதிகம் நின்றான், ஒருவன் குறைவாக நின்றான். ‘இப்ப நிக்கறேன்’ என்று உர்பான் கண்ணைக் காட்டுவான், அதைப் பார்த்துக்கொண்டே ஸ்டெல்லன் அடிக்க மறப்பான். மரீத்தா எண்ணிக்கை சொல்லிப் பார்த்தாள். அளந்து வைத்த தாமதம் வெறும் தாமதமாகத்தான் இருந்தது, பேருந்து தாமதமாக வருகிற மாதிரி. ஆகஸ்ட் முடியும்போது உர்பான் மெதுவாகக் கேட்டான், “அவருக்கு வர வேணாம்னு எழுதிடலாமா?”

ஸ்டெல்லன் டிரம்ஸ் குச்சிகளைப் பைக்குள் எடுத்து வைத்தான். அவனுக்கு இந்த இசை போனதைவிட இன்னொன்று உறுத்தியது. இருபத்திரண்டு ஆண்டுகள் ஒருவனைத் தாங்கிக்கொண்டிருக்கிறேன் என்ற ரகசிய கர்வம் ஒன்று அவனுக்குள் இருந்தது. காலை ஐந்தரைக்குப் பானைகளை அடுக்கும்போது கூடவே இருந்தது. அது இப்போது இல்லாமல் சமையலறை கொஞ்சம் குளிர்ந்துதான் கிடந்தது.

செப்டம்பர் இரண்டாவது வாரம் பள்ளியில், உருளைக்கிழங்குப் பானையை அடுப்பிலிருந்து இறக்கும்போது வலது தோளில் ஏதோ சுளீர் என்றது. ஸ்டெல்லன் பானையைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் சுவரில் சாய்ந்து நின்றான். மறுநாள் கையைத் தூக்க முடிந்தது. இறக்க நேரமானது.

செவ்வாய்க்கிழமை ஆறேகாலுக்குக் கதவைத் திறந்தான். பதிவேட்டை நிரப்பினான். யாரிடமும் மூச்சு விடவில்லை. ‘சாம்பல்’ ஆரம்பித்தார்கள். ஓட்டத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். அந்த இடம் வந்தது. கை மேலே போனது, மேலேயே நின்றது, அவனை மீறி நின்றது. போச்சு, எல்லாம் குலையப்போகிறது என்று நினைத்தான்.

குலையவில்லை. கை இறங்கிய அதே கணத்தில், ஒரு மயிரிழை முன்னுமில்லை பின்னுமில்லை, உர்பானின் கிதாரும் கூடவே வந்து விழுந்தது. தரை அதிர்ந்தது. பக்கத்து அறையில் யாரோ “அப்பாடா” என்றார்கள். அடுத்த அடிக்கும் உர்பான் நின்றான், அதற்கடுத்த அடிக்கும் நின்றான். அவன் ஸ்டெல்லன் பக்கம் திரும்பவேயில்லை, எதிர்ச் சுவரில் சத்தம் தடுக்க ஒட்டியிருந்த முட்டை அட்டையையே பார்த்துக்கொண்டு வாசித்தான். காத்திருக்கப்படுவது எப்படி இருக்கும் என்று ஸ்டெல்லனுக்கு அப்போதுதான் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. நல்லவேளை, வியர்வையும் வழிந்துகொண்டிருந்தது.

பாட்டு முடிந்தது. உர்பான் பெடலைக் காலால் அணைத்துவிட்டு, கம்பியைச் சுருதி சேர்ப்பதுபோலக் குனிந்துகொண்டான். அந்தப் பெடலுக்குச் சுருதி சேர்த்தால் என்ன, சேர்க்காவிட்டால் என்ன.

“தோள் எப்படி இருக்கு?”

“தோளுக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கு” என்றான் ஸ்டெல்லன். “உன் விரல்?”

“அதுவும் நல்லாத்தான் இருக்கு.”

மரீத்தா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். ஓசாகாக்காரரை வரச்சொல்லி அன்றே எழுத வேண்டும் என்று மனசில் குறித்துக்கொண்டு, பேஸை இழுத்து மாட்டினாள்.

“ஆரம்பிச்சுட்டாங்கய்யா மறுபடியும்” என்றாள். “சரி, வாசிங்க. எனக்கொண்ணும் தெரியாது.”